வேற்றுருக் கொண்டு கேட்டவள்

மணிமேகலை இருமுறை உருமாறுகிறாள். முதல்முறை, தன்னைப் பின்தொடர்ந்து வரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக, புகார் நகரத்துச் சம்பாபதி கோயிலுக்குள் காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். இரண்டாம்முறை உருமாறுவது வஞ்சி மாநகரில். அங்கே அவளைத் துரத்தும் ஆண் எவனும் இல்லை. அந்த நகரில் தங்கியிருக்கும் பல சமய ஆசிரியர்களையும் கண்டு, அவரவர் கொள்கை என்னவென்று கேட்டறிய வேண்டும் என்பதுதான் அவள் விருப்பம். இளம்பெண்ணாகப் போனால் எவரும் தம் சமயத்தின் உட்பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேறு உருவத்தில் போ என்று அவளுக்கு அறிவுரை கிடைக்கிறது. அவள் ஓர் ஆண் தவசியின் வடிவில் போகிறாள்.

ஆணின் இச்சைக்குத் தப்புவதற்கு ஒரு மாறுவேடம், ஆண்களின் அறிவுச் சபைக்குள் நுழைவதற்கு இன்னொன்று. சீத்தலைச் சாத்தனார் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. காப்பிய நடப்பின் போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். என்னால் அப்படிக் கடக்க முடிவதில்லை. அந்த அறிவுரையைச் சொல்வது யார் என்று பாருங்கள். வஞ்சியில் கோயில் கொண்டிருக்கும் கண்ணகியின் படிமம்தான் சொல்கிறது. ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி, விரித்த கூந்தலோடு, தன் சொந்த உருவில் பாண்டியன் அவைக்குள் நுழைந்து, வழக்காடி வென்றவள் கண்ணகி. அவள்தான் தன் கணவன் மாதவியிடம் பெற்ற மகளைப் பார்த்து, நீ நீயாகப் போகாதே என்கிறாள். அரசனிடம் நீதி கேட்கப் பெண்ணுருவம் போதுமாக இருந்தது; சமய ஆசிரியனிடம் தத்துவம் கேட்க அது போதவில்லை. அல்லது, பெண்ணாக அவையேறியதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவள் என்பதால்தான் கண்ணகி அப்படிச் சொன்னாளோ என்னவோ.

சமயங்களுக்கிடையே மரியாதையான உரையாடல் என்று பேச்செடுத்தால் நம் நினைவுக்கு வரும் காட்சி ஒன்றுண்டு. மேடையில் ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு மௌலவி கைகோத்து நிற்பார்கள். கீழே பெண்கள் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்சிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றுக்குள் போய்ப் பார்த்தால், தமிழில் மிகப் பழைய சமய உரையாடல்களில் பேசுபவர்கள், கேட்பவர்கள், வாதிடுபவர்கள் பெண்களாக இருக்கிறார்கள். மணிமேகலை, குண்டலகேசி, நீலகேசி என்ற மூன்று பெயர்களும் மூன்று காப்பியங்களின் பெயர்கள். மூன்றிலும் ஒரு பெண் சமயத் தத்துவத்தோடு மல்லுக்கு நிற்கிறாள்.

அந்த மூவரும் எப்படிப்பட்ட பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மணிமேகலை கணிகையர் குலத்தில் பிறந்து, அந்த வாழ்வை மறுத்துத் துறவு பூண்டவள். குண்டலகேசி, தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனைத் தான் முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள். நீலகேசி மனுஷியே அல்ல, பேய். யாருடைய மனைவியாகவும் வீட்டுக்குள் இருக்கும் பெண் ஒருத்திகூட இந்த வரிசையில் இல்லை. வாதம் செய்யும் பெண்ணைக் கற்பனை செய்ய வேண்டுமென்றால், முதலில் அவளைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டியிருந்தது.

மணிமேகலையின் 27ஆம் காதைக்குச் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்று பெயர். எம்.ஏ. வகுப்பில்கூட இதை வேகமாகத் தாண்டிவிடுவது நம் வழக்கம். ஆதிரை பிச்சையிட்டது, ஆபுத்திரன் பசுவை மீட்டது, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனது எல்லாம் பாடம் நடத்த வசதியானவை. இந்தக் காதையில் கதை இல்லை. அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகத் தம் கொள்கையைச் சொல்கிறார்கள். மாணவிகளுக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஒருமுறை பொறுமையாக, அவள் என்ன செய்கிறாள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே படித்தால் அந்தக் காதை வேறொன்றாக மாறிவிடுகிறது. அவள் கேட்கிறாள், அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் போய், உன் தெய்வம் எது, உன் நூல் என்ன சொல்கிறது என்று கேட்டு, சொல்லி முடிக்கும் வரை நிற்கிறாள். இடையில் குறுக்கிடுவதில்லை. இவையெல்லாம் நல்லவையாகத் தோன்றாவிட்டாலும் மறுத்துப் பேசப் போவதில்லை என்று ஓரிடத்தில் தெளிவாகவே முடிவெடுக்கிறாள்.

இதைப் பெரிய சமரச நோக்கம் என்று கொண்டாட நான் தயாரில்லை. இது பௌத்தக் காப்பியம். பிற சமயங்களையெல்லாம் கேட்டு, அவற்றில் மெய் இல்லையென்று கண்டு, கடைசியில் புத்த நெறியில் நிற்பாய் என்று கண்ணகி முன்பே சொல்லிவிடுகிறாள். தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் விசாரணை தொடங்குகிறது. பத்துப் பேருக்கும் சம இடமும் தரப்படவில்லை. அளவைவாதி பிரமாணங்களை விரிவாக அடுக்குகிறான். வைணவவாதி ஓரிரு அடிகளில் பேசிவிட்டு மறைகிறான். இருந்தாலும் சாத்தனார் ஒரு நெறியைக் கைவிடவில்லை. ஒவ்வொரு சமயத்தையும் அதைச் சேர்ந்தவன் வாயாலேயே சொல்லவைக்கிறார். ஆசீவகனைப் பற்றிப் பௌத்தன் சொல்வதாக இல்லை, ஆசீவகனே சொல்கிறான்.

ஒரே ஓர் இடத்தில் மணிமேகலை தன் முடிவை மீறிவிடுகிறாள். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, மறுபிறப்பு என்பதெல்லாம் பொய் என்று பூதவாதி சொல்ல, முற்பிறப்பை அறிந்தவளான அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்படியானால் உன் தாய் தந்தை இன்னார் என்பதை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று கேட்கிறாள். ஆண் வேடத்துக்குள் இருக்கும் பெண்ணின் சிரிப்பு அது. எனக்கு அந்தக் காதையிலேயே மிகப் பிடித்த இடமும் அதுதான். அவள் சொல்வது கூர்மையான வாதம். ஆனால் அவன் நம்பும் பிரமாணத்தை வைத்தே அவனிடம் கேட்கப்பட்ட வாதம். எதிராளியின் வீட்டுக்குள் போய், அவன் பாயில் உட்கார்ந்துகொண்டு கேட்பதைப் போன்றது.

அதே காப்பியத்தின் முதல் காதையில், 28 நாள் நடக்கும் இந்திர விழாவுக்காகப் புகாரில் முரசறைகிறார்கள். தெருவைத் தூய்மை செய்யுங்கள், பூரண கும்பம் வையுங்கள், தோரணம் கட்டுங்கள் என்ற அறிவிப்புகளோடு சமயவாதிகளுக்கும் ஓர் அறிவிப்பு உண்டு. முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்பது அது. கூடவே, பகைவரோடு எதிர்ப்பட நேர்ந்தாலும் சினமும் பூசலும் இல்லாமல் விலகிச் செல்லுங்கள் என்று ஊருக்கே சொல்லப்படுகிறது. கருத்து மாறுபாட்டை மறைத்து ஒற்றுமை பேசச் சொல்லவில்லை. ஏறி வாதிடுங்கள், ஆனால் சண்டை வேண்டாம். (அந்தப் பட்டிமண்டபம்தான் இன்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் மாமியாரா மருமகளா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு, நகைச்சுவைக்கு.)

குண்டலகேசியின் கதை தமிழுக்கு முன்பே பாலி மொழியில் இருந்தது. பௌத்தப் பிக்குணிகளின் பாடல்களைத் தொகுத்த தேரிகாதையில் பத்தா குண்டலகேசியின் பாடல்களும் உள்ளன. அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் என்று ஐந்து நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் பிச்சையேற்றுத் திரிந்ததை அவற்றில் அவள் நினைவுகூர்கிறாள். பாலி உரைகள் சொல்லும் கதைப்படி, கணவனைத் தள்ளிக் கொன்ற பிறகு அவள் வீடு திரும்பவில்லை, சமணத் துறவியாகிறாள். பனங்கருக்கால் மழிக்கப்பட்ட தலையில் முடி சுருள் சுருளாக முளைத்ததால் அந்தப் பெயர். அங்கிருந்த கல்வியையெல்லாம் கற்று முடித்த பின், தன்னோடு வாதிட ஆள் தேடி ஊர் ஊராகப் போகிறாள். ஒவ்வோர் ஊர் வாயிலிலும் மணலைக் குவித்து, அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவைப்பாள். வாதிட விரும்புகிறவர் அதை மிதித்துவிடலாம். கிளை வாடினால் புதிய கிளை. பல ஊர்களில் மிதிக்க ஆளில்லாமல் கிளை வாடிப்போனது.

சாவத்தியில் புத்தரின் சீடரான சாரிபுத்தர், அங்கே நின்ற பிள்ளைகளிடம் சொல்லி அந்தக் கிளையை மிதிக்கவைக்கிறார். தனியாக வாதிட்டால் எடுபடாது என்று ஊராரைத் திரட்டிக்கொண்டு வருகிறாள் குண்டலகேசி. முதலில் கேட்கும் உரிமையை அவளுக்கே தருகிறார் அவர். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்கிறார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ஒன்று என்பது என்ன? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு, சொல்லிக்கொடுக்கும்படி கேட்கிறாள். பௌத்தம் சொல்லும் கதை என்பதால் பௌத்தமே வெல்கிறது. ஆனாலும் இந்தக் கதையில் தோற்றவளை எவரும் இகழவில்லை. ஊர் ஊராக அலைந்த கால்களுக்கும் அவமானம் நேரவில்லை.

இந்தக் கதையைத் தமிழில் நாதகுத்தனார் காப்பியமாகப் பாடினார். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பெருமையாக வரிசையில் சேர்க்கிறோம். ஆனால் நூல் நம்மிடம் இல்லை. புறத்திரட்டு போன்ற தொகைநூல்களிலிருந்தும் பழைய உரைகளிலிருந்தும் மீட்கப்பட்ட 19 பாடல்கள்தான் மிச்சம். அப்படியானால் குண்டலகேசியின் கதையும், அவள் முன்வைத்த வாதங்களும் தமிழில் நமக்கு எப்படித் தெரிகின்றன? அவளை வீழ்த்துவதற்காகவே எழுதப்பட்ட நூல் வழியாக.

அந்த நூல் நீலகேசி. சமணர் ஒருவர் எழுதியது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. இதன் நாயகி பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரில் இன்றும் அவள் கதை உண்டு. கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகத் திரும்பி வந்து, அழுது முறையிட்டுப் பழிதீர்த்துக்கொண்டவள். கொலையுண்ட அந்தப் பெண்ணின் அழுகைக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘நீலிக் கண்ணீர்’. பொய்யழுகை என்று பொருள்! கொன்றவன் பெயரில் ஒரு மரபுத்தொடரும் இல்லை. இந்த நீலியைத்தான் சமணக் கவிஞர் கையில் எடுக்கிறார். காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரைத் துரத்துவதற்கு நீலி ஏவப்படுகிறாள். பயமுறுத்திப் பார்க்கிறாள், அழகிய பெண்ணாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். அவர் அசையவில்லை. அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். அதன் பிறகு அவள் வேலை ஊர் ஊராகப் போய் வாதிடுவது. நூலின் பத்துச் சருக்கங்களில் முதலாவது தருமவுரை. மற்ற ஒன்பதும் வாதங்கள். அவற்றில் முதல் நான்கு பௌத்தரோடு, அதிலும் முதலாவது குண்டலகேசியோடு.

ஒரு பெண்ணை வீழ்த்த இன்னொரு பெண்ணையே அனுப்புகிறார்கள் என்பது உறுத்தத்தான் செய்கிறது. இரண்டு நூல்களையும் எழுதியவர்கள் ஆண்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தம் சமயப் போரைப் பெண்களின் வாயால் நடத்துகிறார்கள். நீலகேசியின் பேச்சில் எள்ளலும் குத்தலும் நிறைய. மரியாதை என்பது இனிமையாகப் பேசுவது மட்டுமே என்றால் நீலகேசியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் நீலகேசிக்குச் ‘சமய திவாகரம்’ என்ற உரை எழுதிய வாமன முனிவர் ஒரு காரியம் செய்தார். நீலகேசி எந்தக் குண்டலகேசிப் பாட்டை மறுக்கிறாள் என்பதை, அந்தப் பாட்டின் தொடக்கத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டே போனார். எதிராளி சொன்னது இது, அதற்கு எங்கள் பதில் இது என்று. அவருக்குக் குண்டலகேசி மீது பாசம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அது வாதத்தின் ஒழுக்கம். பிறர் கொள்கையை முதலில் எடுத்துவைத்து அதன் பின்னரே களைய வேண்டும் என்பதை நன்னூல் நூலாசிரியருக்குரிய எழுவகை மதங்களில் ஒன்றாகவே வைக்கிறது. அதை எழுதிய பவணந்தியாரும் சமணர். சைவத்தில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் முதற்பகுதியைப் பரபக்கம் என்று வைத்து, பிற சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்லித்தான் மறுக்கிறார். இந்த ஒழுக்கத்தின் காரணமாகத்தான், நூல் அழிந்த பிறகும் குண்டலகேசியின் குரல் எதிரியின் உரைக்குள் கேட்கிறது. 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்திருக்காவிட்டால் அதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

பௌத்தரோடான வாதத்தில் உணவு பற்றிய சண்டையும் வருகிறது. நாங்கள் கொல்லவில்லை, கொன்றதைத்தான் தின்கிறோம் என்பது பௌத்தர் தரப்பு. தின்பவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்பது நீலகேசியின் தரப்பு. இதில் நான் நீலகேசியின் பக்கம் இல்லை. மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் அவள் ஒரு வாதத்தைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். சாப்பிடுபவரின் தட்டைத் தட்டிவிடுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் பெண்களிடம் முதலில் சமையலறையைப் பற்றியும் பிறகு சாதியையும் மதத்தையும் பற்றியும் கேட்கப்படும் இந்தக் காலத்தில், இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாதத்தின் பெயரால் நடந்த வேறொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கூன்பாண்டியன் சமணத்தில் இருக்கிறான், அவன் மனைவி மங்கையர்க்கரசி சைவத்தில் இருக்கிறாள். ஒரே அரண்மனையில் இரண்டு சமயங்கள். அந்தக் கணவனும் மனைவியும் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு அது தேவைப்படவில்லை. அரசி திருஞானசம்பந்தரை அழைக்கிறாள். அனல்வாதம், புனல்வாதம் நடக்கின்றன. ஏடு நெருப்பில் வேகிறதா, நீரில் எதிர்த்துப் போகிறதா என்பதில் முடிவு. எண்ணாயிரம் சமணர் கழுவேறுகிறார்கள். இது வரலாற்றில் நடந்ததா என்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடந்ததோ இல்லையோ, கொண்டாட்டமாகச் சொல்லப்பட்டது, கோயில் சுவர்களில் எழுதப்பட்டது. அங்கே எவரும் எவரிடமும் உன் கொள்கை என்ன என்று கேட்கவே இல்லை. ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பது ஒரு பொருட்டே அல்ல, எரிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. கேள்வி கேட்பது நின்ற இடத்தில் கழுமரம் நடப்படுகிறது.

இனி 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்குகிறார். சைவச் சூழலில் கற்ற பிராமணர். நூலோ சமண நூல். மகாவித்துவானிடம் படித்த படிப்பு இதற்குக் கைகொடுக்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். தமக்குப் புரியாத இலக்கியமாக இருந்த சிந்தாமணி, அந்த வீடுகளில் முறைப்படி படித்து, படித்து முடித்த நாளை விழாவாகக் கொண்டாடும் புனித நூலாக இருப்பதைக் கண்டு அவர் வியந்ததை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அப்படி ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருந்ததை உள்ளேயிருந்து கேட்ட ஒரு வீட்டுப் பெண்மணி, இவர் பவ்யஜீவன் போலிருக்கிறதே என்ற பொருளில் தன் கணவரிடம் சொல்கிறார். வீடுபேற்றுக்குத் தகுதி உள்ள உயிர் என்று சமணம் குறிப்பது அது. கேட்டு விளக்கம் தெரிந்துகொண்ட ஐயர் மகிழ்ந்துபோகிறார்.

பிற சமயத்தான் ஒருவனுக்குத் தன் சமயத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த சொற்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள் அந்தப் பெண். எங்கள் மதத்துக்கு வா என்று அழைக்கவில்லை. எல்லா மதமும் ஒன்றுதான் என்றும் சொல்லவில்லை. தன் தத்துவத்தின் அளவுகோலை வைத்து அவனைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறாள். அதற்கு அவளுக்குத் தத்துவம் தெரிந்திருக்க வேண்டும், வெளியே நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்து, புரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் அவள் பேசுவது விருந்தாளியிடம் அல்ல, கணவனிடம். மணிமேகலைக்கு ஆண் வேடம் தேவைப்பட்டதைப் போல இவளுக்குக் கணவனின் வாய் தேவைப்பட்டது. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. அதன் பதிப்பு வரலாற்றைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில், உதவிய சமண அறிஞர்கள் பட்டியல் உண்டு. இந்த ஒரு வாக்கியத்துக்கு உரியவள் அதில் இருப்பதில்லை.

அடுத்து 1898இல் அவர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, போய்க் கேட்பதற்குப் பக்கத்தில் பௌத்த வீடே இல்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் என்னும் வைணவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கொள்கைகளை விளக்கினார். வைணவர் சொல்லச் சைவர் கேட்டுப் பௌத்தக் காப்பியத்துக்குக் குறிப்பெழுதினார். 27ஆம் காதையில் சாத்தனார் ஓரிரு அடிகளில் அனுப்பிவிட்ட வைணவவாதி, பல நூறாண்டு கழித்து வந்து சாத்தனாரின் சமயத்துக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்.

1938இல் நாகூரிலிருந்து ‘காதலா? கடமையா?’ என்றொரு நாவல் வந்தது. எழுதியவர் இருபது வயதைச் சற்றே கடந்த முஸ்லிம் பெண், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவர். எண்பதைத் தாண்டிய உ.வே.சா. அந்த நூலைப் படித்துப் பாராட்டி எழுதினார். கும்பகோணத்துப் பெண்மணியைப் போல இவர் கதவுக்குப் பின்னால் நின்று பேசவில்லை. மணிமேகலையைப் போலத் தவசி வேடமும் போடவில்லை. ஆண் பெயரில் ஒளிந்துகொள்ளவும் இல்லை. சித்தி ஜுனைதா பேகம் என்ற தன் பெயரிலேயே எழுதினார்.